செவ்வாய் மண்ணிடம் கேட்ட கேள்வி

செவ்வாய்க் கோளில் இறங்கிய இயந்திரங்களைப் பற்றியும், அங்கே உயிர் இருந்ததா, இன்னும் இருக்கிறதா என்பதைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை விடையளிக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: வைக்கிங் விண்கலம் 1976-ஆம் ஆண்டிலேயே செவ்வாயில் உயிரைக் கண்டுபிடித்துவிட்டது என்றும், அந்த முடிவு மூடி மறைக்கப்பட்டது என்றும் ஒரு காணொளியில் சொல்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை?

பதில்: மறைக்கப்பட்டது என்பதில் உண்மை இல்லை. அந்த முடிவுகள் 1976, 1977-ஆம் ஆண்டுகளிலேயே ஆய்விதழ்களில் விரிவாக வெளிவந்துவிட்டன. ஆனால் உயிர் கிடைத்துவிட்டது என்று ஒருவர் நம்புவதற்கு இடம்கொடுத்த ஒரு சோதனை நடந்தது உண்மைதான். அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். செவ்வாயில் உயிரைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறில்லை என்பது என் கருத்து.

நாசாவின் வைக்கிங்-1 அவ்வாண்டு ஜூலை 20 அன்று கிரைசி சமவெளியிலும், வைக்கிங்-2 செப்டம்பர் 3 அன்று யுடோப்பியா சமவெளியிலும் இறங்கின. ஒவ்வொன்றிலும் மூன்று உயிரியல் சோதனைகள் இருந்தன. அவற்றில் அமெரிக்கப் பொறியாளர் கில்பர்ட் லெவின் வடிவமைத்த சோதனையின் அடிப்படை மிக எளிமையானது. செவ்வாய் மண்ணைச் சிறிதளவு அள்ளி ஒரு கலத்தில் இட்டு, நுண்ணுயிர்கள் உண்ணக்கூடிய சத்துகள் கரைந்த நீரை அதன்மேல் விட வேண்டும். அச்சத்துகளில் உள்ள கார்பன் அணுக்களில் ஒரு பங்கு கதிரியக்கம் உடையவை. மண்ணில் உயிர் இருந்து, அது சத்தை உண்டு வாயுவை வெளிவிட்டால், அந்த வாயுவில் கதிரியக்கம் தென்படும். சத்துநீர் விழுந்தது, வாயு வந்தது, கதிரியக்கமும் தென்பட்டது. அதே மண்ணை 160 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம் சூடாக்கிவிட்டு மறுபடி சோதித்தபோது வாயு ஏறத்தாழ நின்றுபோயிற்று. புறப்படும் முன்பே வகுத்து வைத்திருந்த விதிப்படி பார்த்தால், உயிர் உண்டு என்பதே அந்தச் சோதனையின் விடை.

ஆனால் இரண்டாம் முறை சத்துநீரை விட்டபோது, பல்கிப் பெருகும் உயிரிடம் நாம் எதிர்பார்க்கும் புதிய வாயு வரவில்லை. ஏற்கெனவே வந்திருந்த வாயுவில் ஒரு பகுதி மண்ணுக்குள்ளேயே திரும்பிப் போனது. வேறொரு சோதனையில், மண்ணில் ஈரம் பட்ட உடனேயே ஆக்சிஜன் வெளிப்பட்டது. நன்றாகச் சூடாக்கி ஆறவைத்த மண்ணிலிருந்தும் அது வெளிப்பட்டது. இது உயிரின் இயல்பன்று, வேதிவினையின் இயல்பு. இவற்றைவிடவும் கனமான சான்று ஒன்று இருந்தது. மண்ணை 500 டிகிரி வரை சூடாக்கி, எழும் ஆவியைப் பகுத்துப் பார்த்த கருவி, செவ்வாய்க்கு உரியது என்று சொல்லத்தக்க கரிமச் சேர்மம், அதாவது உயிர்களின் உடலுக்கு அடிப்படையான கார்பன் சேர்மம், எதையும் காணவில்லை. குளோரின் சேர்ந்த மீத்தேன் வகைச் சேர்மங்கள் மட்டும் சுவடளவில் தென்பட்டன. பூமியில் கருவியைத் தூய்மை செய்தபோது தங்கிவிட்ட கரைப்பான் என்று அவை ஒதுக்கப்பட்டன. உடலாக அமையும் பொருளே இல்லாத இடத்தில் உயிர் எப்படி இருக்க முடியும் என்ற வாதம் வென்றது.

அதற்கு 32 ஆண்டுகள் கழித்து, 2008-ஆம் ஆண்டில், வடதுருவத்தை ஒட்டிய சமவெளியில் இறங்கிய ஃபீனிக்ஸ் கலம் மண்ணை நீரில் கரைத்துப் பார்த்தது. யாரும் தேடிச் செல்லாத பெர்குளோரேட் என்ற உப்பு அதில் இருந்தது. இது குளிரில் அமைதியாகக் கிடக்கும். சூடேற்றினால் ஆக்சிஜனைக் கக்கி அருகிலுள்ள கரிமப்பொருளை எரித்துவிடும். எரியும்போது குளோரின் சேர்ந்த சேர்மங்களையும் உண்டாக்கும். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவன மண்ணில் பெர்குளோரேட்டைக் கலந்து சூடாக்கி, வைக்கிங் கண்ட அதே சேர்மங்கள் வருவதை ரஃபேல் நவரோ-கொன்சாலஸ் குழுவினர் 2010-இல் காட்டினர். அதாவது, கரிமப்பொருளைத் தேடிச் சென்ற கருவியே, தேடிய பொருளைத் தேடும் முயற்சியில் எரித்திருக்கக்கூடும். எரிந்ததன் சாம்பலைத்தான் நாம் துடைத்த கரைப்பான் என்று தள்ளிவிட்டோம்.

இதனால் லெவினின் முடிவு சரி என்றாகிவிடாது. அண்டக் கதிர்கள் பட்டுச் சிதைந்த பெர்குளோரேட், சத்துநீரைத் தானே சிதைத்து வாயுவை உண்டாக்க வல்லது என்று பின்னர் நடந்த சோதனைகள் காட்டின. எனவே உயிர் இருக்கிறது என்று சொன்ன சோதனைக்கும் உயிரற்ற விளக்கம் உண்டு. உயிர் இல்லை என்று சொன்ன சோதனையும் நம்பத்தக்கதாக இல்லை. 2021-இல் மறையும் வரை லெவின் தம் முடிவில் உறுதியாக இருந்தார். நான் அவருடன் உடன்படவில்லை. ஆயினும் அந்த மண் என்னவென்று அறியும் முன்பே அதில் உயிர் உண்டா என்று கேட்டதுதான் பிழையே தவிர, சோதனை பிழையன்று.

கேள்வி: க்யூரியாசிட்டி ஊர்தியில் உயிரைக் கண்டறியும் கருவியே இல்லை என்று படித்தேன். உயிரைத் தேடவில்லை என்றால் அது பத்து ஆண்டுகளுக்கு மேலாக என்னதான் செய்கிறது?

பதில்: மேலே சொன்ன பிழையைத் திருத்துகிறது. வைக்கிங்கிற்குப் பிறகு வந்த பயணங்கள் கேள்வியைப் படிப்படியாகப் பிரித்துக்கொண்டன. முதலில் நீர் இருந்ததா. பிறகு அந்நீர் உயிர் வாழ ஏற்றதா. பிறகு கரிமப்பொருள் உண்டா. அது பாறையில் அழியாமல் தங்குமா. இவற்றுக்கெல்லாம் விடை கிடைத்த பிறகே உயிர். 2004-இல் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகள் முதல் கேள்விக்கு விடை தந்தன. 90 செவ்வாய் நாள்களுக்கென்று அனுப்பப்பட்ட ஆப்பர்ச்சூனிட்டி 2018 வரை உழைத்து, 45 கிலோமீட்டருக்கும் அதிகமாக ஓடியது. நீரில் விளைந்த ஹெமடைட் என்ற இரும்புக் கனிம உருண்டைகளை அது இறங்கிய இடத்திலேயே கண்டது.

க்யூரியாசிட்டி 2012 ஆகஸ்ட்டில் கேல் பள்ளத்தில் இறங்கியது. 2013 பிப்ரவரியில், யெல்லோநைஃப் பே என்று பெயரிடப்பட்ட இடத்தில், சேறு இறுகிக் கல்லான ஒரு பாறையை அது துளைத்தது. அந்தத் துளையிலிருந்து வந்த தூள் சிவப்பாக இல்லை, சாம்பல் நிறத்தில் இருந்தது. செவ்வாயின் சிவப்பு மேல்தோல் மட்டுமே என்பதை அந்த ஒரு படம் சொல்லிவிட்டது. அப்படத்தைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. அந்தச் சேறு படிந்த ஏரியின் நீர் அமிலமாகவும் இல்லை, அதிக உப்பாகவும் இல்லை. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், பாஸ்பரஸ், கந்தகம் ஆகிய ஆறும் அங்கே இருந்தன. 350 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரை அந்த ஏரியில் விட்டிருந்தால் அது பிழைத்திருக்கும் என்றே தோன்றுகிறது.

அதே இடத்தில் எடுத்த மற்றொரு மாதிரியில் 10, 11, 12 கார்பன் அணுக்கள் நீண்ட சங்கிலியாகக் கோத்த சேர்மங்கள் இருப்பதாக 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. செவ்வாயில் இதுவரை கண்ட கரிம மூலக்கூறுகளில் இவையே மிகப் பெரியவை. கொழுப்பு அமிலங்கள் உடைந்தும் இவை வந்திருக்கலாம். பூமியில் உயிரணுக்களின் சவ்வு கொழுப்பு அமிலங்களால் ஆனது என்பதால் இச்செய்தி பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் உயிரின் துணையில்லாமலும் கொழுப்பு அமிலங்கள் உருவாகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: அந்த ஊர்திகளைப் பூமியில் இருந்தபடியே கைப்பிடியால் ஓட்டுகிறார்களா?

பதில்: இல்லை. இரு கோள்களும் நெருங்கியிருக்கும்போது ஒரு சைகை போய்ச் சேர 3 நிமிடமும், விலகியிருக்கும்போது ஏறத்தாழ 22 நிமிடமும் ஆகும். ஆகவே அன்றைய வேலை முழுவதையும் கட்டளைத் தொகுப்பாக எழுதி அனுப்பிவிடுகிறார்கள். வழியில் வரும் பாறைகளைப் பார்த்து விலகிச் செல்வதை ஊர்தியே செய்துகொள்கிறது. செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் என்பதால், ஊர்தி இறங்கிய முதல் சில மாதங்களில் இங்கே பணிபுரிவோரின் வேலை நேரமும் நாள்தோறும் 40 நிமிடம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

கேள்வி: செவ்வாயில் மீத்தேன் வாயு இருப்பதாகவும், அது நுண்ணுயிர்களிடமிருந்து வருவதாகவும் ஒரு செய்தி, மீத்தேனே இல்லை என்று இன்னொரு செய்தி. எதை நம்புவது?

பதில்: இரண்டு அளவீடுகளுமே கவனமாக எடுக்கப்பட்டவை என்பதுதான் இதில் உள்ள சிக்கல். கேல் பள்ளத்தின் தரையில் க்யூரியாசிட்டி பல ஆண்டுகள் அளந்ததில், காற்றின் ஆயிரம் கோடி மூலக்கூறுகளுக்கு 2 முதல் 7 வரை மீத்தேன் இருந்தது. பருவத்துக்கு ஏற்ப அது ஏறி இறங்கியது. 2019 ஜூனில் ஒருமுறை ஆயிரம் கோடிக்கு 210 என்று திடீரென்று உயர்ந்து, சில நாள்களில் அடங்கியது. மறுபுறம், ஐரோப்பாவும் ரஷ்யாவும் அனுப்பிய டிரேஸ் கேஸ் ஆர்பிட்டர் என்ற சுற்றுக்கலம், மீத்தேனைத் தேடுவதற்கென்றே வடிவமைத்த கருவிகளுடன் 2018 முதல் வளிமண்டலத்தைத் துருவிப் பார்த்தும் ஒன்றும் காணவில்லை. அப்படியே மீத்தேன் இருந்தாலும், அது இரண்டாயிரம் கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது என்பது அதன் முடிவு.

க்யூரியாசிட்டி பெரும்பாலும் இரவில் அளக்கிறது. இரவில் காற்று அசையாமல் இருப்பதால், தரையிலிருந்து கசியும் சிறிதளவு வாயு பள்ளத்திலேயே தேங்கிப் பகலில் கலைந்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். பகலில் அளந்தபோது மீத்தேன் அகப்படாதது இதற்குப் பொருந்துகிறது. ஆனால் செவ்வாய்க் காற்றில் கலந்த மீத்தேன், நமக்குத் தெரிந்த வேதியியலின்படி, சூரிய ஒளியால் சிதைந்து முடிய ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆகும். கேல் பள்ளம் இரவுதோறும் கசிந்தால், அது இத்தனை காலத்தில் வளிமண்டலம் முழுதும் சேர்ந்து சுற்றுக்கலத்தின் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஊர்திக்குள் இருந்தே வாயு கசிகிறதோ என்ற ஐயத்தையும் சிலர் முன்வைக்கிறார்கள். மீத்தேன் உண்மையாகவே இருந்தாலும், ஒலிவின் என்ற கனிமம் நிலத்தடியில் நீருடன் வினைபுரிவதில் தொடங்கி, உயிர் எதுவும் இல்லாமலேயே அது உருவாக வழி உண்டு. எனவே மீத்தேனை உயிருக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றே சொல்வேன்.

கேள்வி: 2025 செப்டம்பரில், சிறுத்தைப் புள்ளிகள் உள்ள ஒரு பாறையில் உயிரின் அடையாளம் கிடைத்ததாகச் செய்தி வந்தது. பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பொய்யாகிவிட்டதா? (இதை ஐந்து வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள்.)

பதில்: பொய்யாகவில்லை. அடுத்த படிக்குச் செல்ல வழியில்லாமல் நிற்கிறது.

பெர்சிவரன்ஸ் ஊர்தி 2021 பிப்ரவரி 18 அன்று ஜெசிரோ பள்ளத்தில் இறங்கியது. 45 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பள்ளத்தில் முற்காலத்தில் ஏரி இருந்தது. ஆறு ஒன்று அதில் கலந்து டெல்டாவை விட்டுச் சென்றிருக்கிறது. அந்த ஆறு ஓடிய பழைய பள்ளத்தாக்கில், 2024 ஜூலையில், செயாவா ஃபால்ஸ் என்று பெயரிடப்பட்ட பாறையை ஊர்தி கண்டது. அதுவும் சேறு இறுகிய பாறைதான். அதில் கரிமப்பொருள் இருக்கிறது. மில்லிமீட்டர் அளவில் வெளிறிய புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் கரிய விளிம்பு இருக்கிறது. விளிம்பில் இருப்பது விவியனைட் என்ற இரும்பு பாஸ்பேட் என்றும், உள்ளே இருப்பது கிரெய்கைட் என்ற இரும்பு சல்பைடு என்றும் கருவிகளின் அளவீடுகள் சுட்டுகின்றன.

பூமியில் ஏரிகளின் அடிச்சேற்றில் இவ்விரு கனிமங்களும் சேர்ந்து விளைவதைப் பார்க்கலாம். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள், கரிமப்பொருளை உண்டு, மூச்சுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாகத் துருப்பிடித்த இரும்பையும் சல்பேட்டையும் பயன்படுத்திக்கொள்கின்றன. அந்த வாழ்க்கையின் கழிவாக எஞ்சுபவையே இக்கனிமங்கள். உயிரின்றி இதே மாற்றம் நிகழ வேண்டுமானால் வழக்கமாக நல்ல வெப்பம் வேண்டும். ஆனால் இந்தப் பாறை அவ்வளவு சூடானதற்கு அறிகுறி இல்லை. 2025 செப்டம்பர் 10 அன்று நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வுரை, இதனை உயிரின் அடையாளமாக இருக்கக்கூடிய ஒன்று என்று மட்டுமே சொன்னது. தாழ்ந்த வெப்பத்தில் உயிரின்றி இது நிகழ நாம் அறியாத வழி இருக்கலாம் என்ற இடத்தையும் திறந்தே வைத்தது. உயிர் கிடைத்தது என்று அறிவிப்பதற்கு முன் கடக்க வேண்டிய ஏழு படிகளை நாசா அறிவியலாளர்கள் 2021-இல் முன்மொழிந்திருக்கிறார்கள். ஓர் அறிகுறியைக் காண்பது அதில் முதற்படி. உயிரல்லாத விளக்கங்கள் ஒவ்வொன்றையும் விலக்குவது அதற்கு மேலே உள்ள படிகளில் ஒன்று. அது ஊர்தியின் கையில் இல்லை.

கேள்வி: அவ்வளவு பெரிய ஊர்தியில் நல்ல நுண்ணோக்கி ஒன்றை வைத்து அனுப்பியிருந்தால் அங்கேயே பார்த்து முடித்திருக்கலாமே? பாறையைப் பூமிக்குக் கொண்டுவந்துதான் ஆக வேண்டுமா?

பதில்: கொண்டுவந்துதான் ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் கொண்டுவந்த மறுநாளே விடை தெரிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 1984-இல் அண்டார்டிகாவின் ஆலன் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த, இரண்டு கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவான விண்கல் ஒன்று செவ்வாயிலிருந்து சிதறி வந்தது என்று தெரியவந்தது. அதில் நுண்ணுயிர்ப் புதைபடிவம் போன்றவற்றைக் கண்டதாக டேவிட் மெக்கே குழுவினர் 1996 ஆகஸ்ட்டில் அறிவித்தபோது, அமெரிக்க அதிபரே அதைப் பற்றிப் பேசினார். உலகின் தலைசிறந்த ஆய்வகங்களுக்கெல்லாம் கிடைத்த அக்கல்லைப் பற்றிய வழக்கு பல ஆண்டுகள் நீண்டது. அவை உயிரற்ற வினைகளால் ஆனவை என்பதே இன்று பெரும்பாலோரின் முடிவு. வெறும் வடிவத்தைப் பார்த்து உயிர் என்று சொல்லக்கூடாது என்பதை அக்கல் கற்பித்தது. நுண்ணோக்கி ஒன்றே போதாது என்பதற்கும் அதுவே விடை.

அந்த விண்கல்லுக்கு முகவரி இல்லை. எந்தப் பாறைத் தொடரில், எந்த நீரருகே அது கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. போதாததற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பூமியின் பனியில் கிடந்து இங்குள்ள பொருள்களையும் ஏற்றுக்கொண்டது. பெர்சிவரன்ஸ் குழாயில் அடைத்திருக்கும் பாறைக்கோ முழு வரலாறும் தெரியும். அது இங்கு வந்தால், ஐசோடோப்பு விகிதங்களை அளக்கலாம். கார்பனிலும் கந்தகத்திலும் எடை குறைந்த அணுவும் எடை மிகுந்த அணுவும் உண்டு. உயிர் தன் வேதிவினைகளில் எடை குறைந்ததையே விரும்பி எடுக்கும். அந்தச் சாய்வு புள்ளிகளில் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று, தலைமுடியை விட மெல்லிய சீவல்களாகப் பாறையை அறுத்துப் பார்க்கலாம். அந்தக் கருவிகளில் சில ஓர் அறையை நிரப்பும்; சில ஒரு கட்டடத்தையே நிரப்பும். அவற்றை ஊர்தியில் ஏற்ற இயலாது.

பெர்சிவரன்ஸ் 43 குழாய்களுடன் சென்றது. பத்தினை 2023 ஜனவரிக்குள் த்ரீ ஃபோர்க்ஸ் என்ற இடத்தில் தரையில் வைத்துவிட்டது. செயாவா ஃபால்ஸ் மாதிரி ஊர்தியின் வயிற்றில் இருக்கிறது. இவற்றைக் கொண்டுவரும் திட்டத்துக்கு 1,100 கோடி டாலர் வரை ஆகும், 2040-க்கு முன் முடியாது என்ற மதிப்பீட்டை ஏற்க முடியாது என்று நாசாவே 2024-இல் கூறியது. அது முதல் திட்டம் தத்தளிக்கிறது. இதற்கிடையில் சீனா, 2028-ஐ ஒட்டி ஏவி 2031-ஐ ஒட்டி மாதிரி கொண்டுவரும் தியான்வென்-3 திட்டத்தை அறிவித்திருக்கிறது. யார் கொண்டுவந்தாலும் மகிழ்வேன். ஆனால் இத்தனை ஆண்டுக் கவனத்தோடு தேர்ந்தெடுத்த பாறை அங்கேயே கிடப்பதை எண்ணும்போது மனம் ஆறவில்லை.

கேள்வி: நாம் அனுப்பும் இயந்திரங்களிலேயே பூமியின் கிருமிகள் ஒட்டிச் சென்றிருந்தால், அவற்றையே செவ்வாய் உயிர் என்று நினைத்துவிட மாட்டோமா?

பதில்: மிக நியாயமான அச்சம். 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தமே பிற கோள்களுக்குத் தீங்கான கலப்பைத் தவிர்க்கக் கட்டளையிடுகிறது. வைக்கிங் கலங்களை முழுமையாக ஓர் அடுப்பில் வைத்து, ஏறத்தாழ 112 டிகிரியில் 30 மணி நேரத்துக்கு மேல் சூடேற்றினார்கள். பிற்காலக் கலங்களின் நுட்பமான மின்னணுப் பாகங்கள் அதைத் தாங்கா என்பதால், துடைத்தும், பாகம் பாகமாகச் சூடேற்றியும், ஒரு கலத்தில் 3,00,000-க்கு மேல் நுண்ணுயிர் வித்துகள் இருக்கக்கூடாது என்ற வரம்புக்குள் வைக்கிறார்கள். பெர்சிவரன்ஸ் கொண்டுசென்ற குழாய்களில் ஐந்து, பாறை எடுப்பதற்கு அல்ல, ஊர்தியோடு பயணம் செய்த மாசு எது என்பதைப் பதிவு செய்வதற்காகவே வைக்கப்பட்டவை. நீர் இருக்க வாய்ப்புள்ள இடங்களுக்கு ஊர்திகளைக் கொண்டுசெல்ல இன்னும் கடுமையான விதிகள் உண்டு. உயிர் இருக்க மிகவும் வாய்ப்புள்ள இடமே நாம் நெருங்கத் தயங்கும் இடமாகவும் இருக்கிறது. மனிதனின் உடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவனைத் துடைத்துத் தூய்மையாக்க முடியாது. ஆகவே மனிதர் கால் வைக்கும் முன் இயந்திரங்கள் தேடி முடித்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி: இன்றும் உயிரோடு ஏதேனும் இருந்தால் அது எங்கே இருக்கும்?

பதில்: தரைக்கு மேலே இல்லை. காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நீர் திரவமாக நிற்காது. சரிவுகளில் பருவந்தோறும் தோன்றும் கரிய கோடுகள் உப்புநீர் ஓட்டம் என்று 2015-இல் பெரிதாகப் பேசப்பட்டது. அவை உலர்ந்த மணல் சரிவாகவே இருக்கக்கூடும் என்று 2017-இல் வந்த ஆய்வு காட்டியது. அத்துடன், காந்தப்புலத்தையும் அடர்ந்த காற்றையும் இழந்த தரையில் அண்டக் கதிர்கள் தடையின்றி விழுகின்றன; பல கோடி ஆண்டுகளில் அவை மேல்மண்ணின் கரிம மூலக்கூறுகளைச் சிதைத்துவிடும். ஆகவே ஆழத்தில் தேட வேண்டும். க்யூரியாசிட்டியின் துளை சில சென்டிமீட்டரே இறங்கும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2028-இல் ஏவத் திட்டமிட்டிருக்கும் ரோசலிண்ட் ஃபிராங்க்லின் ஊர்தி, களிமண் கனிமங்கள் நிறைந்த ஆக்ஸியா சமவெளியில் இறங்கி, 2 மீட்டர் ஆழம் வரை துளைக்கும். உயிருள்ள ஒன்றை எட்ட அந்த ஆழமும் போதாமல் போகலாம். ஆனால் கதிர்கள் எளிதில் எட்டாத பழைய மண்ணை மனிதன் செய்த கருவி ஒன்று வெளியே எடுத்துப் பார்ப்பது அதுவே முதன்முறையாக இருக்கும்.